நகராத தேர்கள்

1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். டான் கார்லிட்ஸ் என்ற 38 வயது ஓட்டுநர், தானே கட்டிய ‘ஸ்வாம்ப் ராட் 13’ என்ற வண்டியில் தொடக்கக் கோட்டில் நிற்கிறார். வண்டி கிளம்பும் கணத்தில் அவர் கால்களுக்கு நடுவே இருந்த கியர்பாக்ஸ் வெடிக்கிறது. வண்டி இரண்டாக உடைகிறது. வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது.

மருத்துவமனையில் படுத்திருந்தபோதே அடுத்த வண்டியை யோசித்துவிட்டார் என்பது டிராக் பந்தய உலகில் எல்லோரும் சொல்லும் கதை. அதுவரை என்ஜின் முன்னால், ஓட்டுபவர் பின்னால். இனிமேல் ஓட்டுபவர் முன்னால், என்ஜின் பின்னால். முதலில் அந்த வண்டி நேராக ஓட மறுத்தது. கொஞ்சம் திருப்பினாலே சட்டென்று விலகியது. ஸ்டியரிங்கின் விகிதத்தை மாற்றி மந்தமாக்கியதும் வழிக்கு வந்தது. 1971இல் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை அதிலேயே வென்றார். அதன்பின் சில வருடங்களுக்குள் முன்-என்ஜின் டிராக்ஸ்டர் என்ற வடிவமே உயர்மட்டப் போட்டிகளிலிருந்து காணாமல் போனது.

இப்போது யூடியூபில் ‘விண்டேஜ் டிராக்ஸ்டர்’ என்று தேடினால் வருவதெல்லாம் அந்தக் காணாமல் போன வடிவம்தான். ஊசிபோல நீண்ட மூக்கு, முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு ஒல்லிச் சக்கரங்கள், நடுவே மூடியில்லாமல் பளபளக்கும் என்ஜின், அதற்கும் பின்னால், பின்சக்கரங்களுக்கும் பின்னால், ஒரு சின்னக் கூண்டுக்குள் மனிதர். புதிதாகக் கட்டுகிறார்கள். பழசு மாதிரிக் கட்டுகிறார்கள். கட்டியவரே தன் பாதத்தைக் கொடுத்துக் கைவிட்ட ஒரு வடிவத்தின் மீது இத்தனை ஏக்கம் எதற்கு? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. சிறுசேரி சிப்காட்டில் கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், மெக்கானிகல் படித்துவிட்டு ஐடிக்கு வந்த பல்லாயிரம் பேரில் ஒருவன் நான். இயந்திரத்தை விட்டு வந்தவனுக்கு இயந்திரத்தைப் பற்றி எழுதும் ஆசை போகாது. தவிர, ஏக்கம் என்பது நம்ம இலக்கியத்திலும் தீராத வியாதி. அதற்காகவும்தான்.

*

முதலில் அந்த வடிவத்தை ஒரு கவிதையைப் படிக்கிற மாதிரி, வரிவரியாகப் படிக்க வேண்டும். அழகுக்கு என்று அதில் எதுவுமே வைக்கப்படவில்லை என்பது அப்போது தெரியும்.

டிராக் பந்தயத்தின் விதி எளிது. நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில். யார் முதலில் போகிறாரோ அவர் வென்றார். வளைவு கிடையாது, வியூகம் கிடையாது. ஆகவே ஒரே ஒரு பிரச்சினைதான்: என்ஜினின் சக்தியைத் தரையில் இறக்குவது. டயர் தரையைப் பிடிக்கும் பிடி, அந்த டயரின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. வண்டி முன்னால் பாயும்போது எடை பின்னால் சாயும். பஸ் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதேதான். இன்னும் எடை வேண்டுமென்றால்? ஓட்டுபவரையே தூக்கிப் பின்சக்கரத்துக்குப் பின்னால் போடு. அவர் கால்கள் டிஃபரன்ஷியலின் இருபுறமும் நீள்கின்றன. உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி வண்டியின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கர்கள் இந்த வடிவத்துக்கு வைத்த பெயரும் அதுதான்: ஸ்லிங்ஷாட். 1950களின் நடுவில் இந்த அமைப்பைப் பிரபலமாக்கியவர்களில் மிக்கி தாம்சன் முக்கியமானவர்.

மூக்கு ஏன் அவ்வளவு நீளம்? முன்சக்கரங்கள் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, நேர்கோட்டில் ஓட. 1960களின் இறுதியில் இரு அச்சுகளுக்கிடையே 200 அங்குலத்துக்கும் மேல் நீண்டுவிட்டது. முன்சக்கரம் ஏன் ஒல்லி? அதற்கு வேலையே இல்லை, பெயருக்குத் திசை காட்டினால் போதும். என்ஜினுக்கு ஏன் மூடி இல்லை? மூடி எடை. பாராசூட் ஏன்? அந்த வேகத்தில் பிரேக் மட்டும் போதாது.

எரிபொருள் நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒவ்வொரு எரிதலுக்கும் பல மடங்கு எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊற்றலாம். ஊற்றினால் பல மடங்கு சக்தி. கொஞ்சம் பிசகினால் அது என்ஜினாக இருப்பதை நிறுத்திக் குண்டாகிவிடும். அந்தக் குண்டு ஓட்டுபவரின் முகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. எண்ணெய் சிதறினால் கண்ணாடியில், தீ பிடித்தால் மார்பில். 1959இல் சூப்பர்சார்ஜர் வெடித்து கார்லிட்ஸ் கடுமையாகத் தீக்காயம் பட்டவர். அப்போதும் வடிவத்தை அவர் மாற்றவில்லை. வென்றுகொண்டிருந்த வடிவம் அது. பதினோரு வருடம் கழித்துப் பாதம் போனபோதுதான் மாற்றினார்.

எனவே இதை நாம் எப்படிப் படிக்கிறோம்? ஒவ்வொரு உறுப்பும் ஒரு தேவைக்குக் கிடைத்த விடை. மொத்த வடிவமும் ஒரு சமரசம்: பிடிமானம் வேண்டும், அதற்கு மனித உடலை விலையாக வைக்கிறோம். அந்த வண்டியைப் பார்த்தவுடன் வயிற்றில் ஒரு கூச்சம் வருகிறதே, அது இதனால்தான். செம கெத்தான வண்டி என்று சொல்லும்போது நாம் உண்மையில் அந்த விலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*

‘விண்டேஜ் ஸ்டைல்’ என்று சொல்லப்படுவதில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் வைப்பது விமரிசகனின் சோம்பேறித்தனம்.

முதல் வகை, உண்மையிலேயே பந்தயத்தில் ஓடுபவை. அமெரிக்காவில் நாஸ்டால்ஜியா டாப் ஃப்யூயல் என்று ஒரு பிரிவே இருக்கிறது. வண்டி முன்-என்ஜின் வடிவத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் உலோகக் கூண்டு, தீ அணைக்கும் அமைப்பு, உடை, கிளட்ச்சைச் சுற்றிய கவசம் எல்லாம் இன்றைய விதிப்படி. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஃபமோஸோவில் 1959இல் தொடங்கிய மார்ச் மீட் இவற்றின் தாய்வீடு. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற வண்டிகள். இதை வேஷம் என்று ஒதுக்க முடியாது. வெண்பாவை இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அது மாதிரி. தளை கட்டாயம், உள்ளே சொல்வது உன்னுடையது. பழைய வடிவம் தருகிற எல்லையை ஏற்றுக்கொண்டு அதற்குள் வேகத்தைத் தேடுகிறார்கள். வடிவம் இன்னும் வேலை செய்கிறது, இன்னும் விலை கேட்கிறது.

இரண்டாவது வகை, ஓடாமல் உறுமுபவை. அதே ஃபமோஸோவில் ‘கேக்கிள்ஃபெஸ்ட்’ என்று ஒன்று நடக்கும். கேக்கிள் என்றால் கொக்கரிப்பு. நைட்ரோ என்ஜின் மெதுவாகச் சுழலும்போது எழுப்பும் வெடிவெடியான சத்தத்துக்கு அந்தப் பெயர். அறுபதுகளின் அசல் வண்டிகளைத் தேடிப்பிடித்து, துருவெடுத்து, வெல்டிங் போட்டு, அதே வண்ணமடித்துக் கொண்டுவருகிறார்கள். சிலவற்றில் அந்தக் காலத்து ஓட்டுநரே வயதான உடம்போடு ஏறி உட்காருகிறார். இருட்டத் தொடங்கும்போது வரிசையாக நிற்கவைத்து என்ஜினை முடுக்குகிறார்கள். குழாய்களிலிருந்து தீ நாக்குகள் எழுகின்றன. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறது, சிரிக்கிறது. வண்டி ஓர் அடி கூட ஓடுவதில்லை. எரிபொருள் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது வகை, ஓடவும் உறுமவும் தேவையில்லாதவை. நேற்று வெட்டிய தகட்டுக்கு அமிலம் தடவித் துருவேற்றி, இல்லாத ஒரு பட்டறையின் பெயரை மங்கலாக எழுதி, காட்சிக்கு நிறுத்துபவை. அனுபவித்திராத காலத்தின் தழும்பைப் பச்சை குத்திக்கொள்வது.

முதல் வகையை மதிக்கிறேன், மூன்றாவது வகையை நிராகரிக்கிறேன். இரண்டும் எளிது. இரண்டாவதுதான் சிக்கல். ஓடாத பந்தய வண்டிக்கு என்ன அர்த்தம்?

*

இதற்கு விடை தேட நான் கலிஃபோர்னியா போக வேண்டியதில்லை. சிறுசேரியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம். அங்கே ஐந்து ரதங்கள் நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டு. பெயரே தேர். நகர்ந்ததே இல்லை. நகர்வதற்காகச் செய்யப்படவும் இல்லை. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை.

அவற்றை நெருங்கிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரே பாறையில் குடைந்தவை அவை. ஆனால் வடிவம் முழுக்க மரவேலை. திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரை. பீம ரதத்தின் கூரை வளைத்துக் கட்டிய கொட்டகை. மரக்கட்டடத்தில் பாரத்தைத் தாங்குவதற்காக இருந்த கைகள், நுனிகள், சாளர வளைவுகள் எல்லாம் இங்கே கல்லில் இருக்கின்றன, எதையும் தாங்காமல். பாறை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று பெருமைப்படும் கல்வெட்டு. பொருளை மாற்றிவிட்டேன் என்ற பெருமை. ஆனால் அந்தக் குலத்தின் சிற்பிகளால் மரத்தின் வடிவத்தைக் கைவிட முடியவில்லை. அல்லது கைவிட விரும்பவில்லை.

இதைப் பொய் என்று சொல்வோமா? எந்தப் பயனுமில்லாத மரத்துண்டைக் கல்லில் செதுக்கியது ‘விண்டேஜ் ஸ்டைல்’ தானே? ஆனால் நாம் சொல்வதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அந்த மரக்கட்டடங்கள் ஒன்றுகூட இன்று இல்லை. அவை எப்படி இருந்தன என்பதற்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சிகளில் ஒன்று இந்தக் கல். இரண்டு, அந்தச் சிற்பி மரவேலையை அறிந்திருந்தான். எந்தக் கட்டை எதைத் தாங்கியது என்று தெரிந்துதான் செதுக்கினான். அந்த அறிவு கல்லில் தெரிகிறது.

ஆகவே என் அளவுகோல் இதுதான். பழைய வடிவத்தைத் திரும்பச் செய்வது தவறில்லை. அந்த வடிவம் ஏன் அப்படி இருந்தது என்ற அறிவையும் சேர்த்து எடுத்துவருகிறதா என்பதே கேள்வி. கேக்கிள்ஃபெஸ்ட் வண்டி அந்த அறிவைச் சுமக்கிறது. அதை உயிர்ப்பித்தவர் கிளட்ச்சைப் பிரித்திருக்கிறார், காந்தத்தின் நேரத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்திருக்கிறார், நைட்ரோவுக்குப் பயப்படக் கற்றிருக்கிறார். வண்டி நகரவில்லை, சரி. கைப்பழக்கம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு நகர்ந்திருக்கிறது. துரு தடவிய தகடு எதையும் நகர்த்துவதில்லை.

எங்கள் வேலையிலும் இது உண்டு. 15 வருடத்துக்கு முன் யாரோ எழுதிய கோடில் விசித்திரமான ஒரு வரி இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எடுத்தால் ஏதாவது உடையும் என்ற பயத்தில் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அதைப் பத்திரமாகச் சுமந்துவருவார்கள். அது மரபு இல்லை, மூடநம்பிக்கை. அதே வரிக்கு மேல் ஒருவர் இரண்டு வரி குறிப்பு எழுதி, இன்ன காரணத்துக்காக இது இருக்கிறது என்று சொன்னால், அந்தக் கணத்தில் மரபாகிவிடுகிறது. அடுத்து வருபவர் வைத்துக்கொள்ளலாம், தூக்கியும் போடலாம். இரண்டுக்கும் உரிமை வந்துவிடுகிறது.

*

இனி நம்ம ஊர்.

அமெரிக்க டிராக் பந்தயத்தின் பிறப்பிடங்களில் ஒன்று, 1950இல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ஒரு விமான ஓடுபாதை. போர் முடிந்திருந்தது. வேலையற்ற ஓடுபாதைகளும், ராணுவம் கழித்த உதிரிப் பொருட்களும், இயந்திரம் தெரிந்த இளைஞர்களும் மிஞ்சியிருந்தார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் தேசியச் சங்கத்தை உருவாக்கினார். தெருவில் ஓட்டிச் சாகும் பையன்களை ஓடுபாதைக்குக் கொண்டுவருவது அந்தச் சங்கத்தின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று.

கிட்டத்தட்ட அதே சமயம் சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் அதே கதை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அமெரிக்கர்கள் ஓடுபாதையை நேர்கோடாகவே வைத்துக்கொண்டார்கள். நாம் அதை மடக்கிச் சுற்றுப்பாதையாக்கினோம். மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் சோழவரம்தான் இந்திய மோட்டார் பந்தயத்தின் முகவரி. அரச குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் இறக்குமதி வண்டிகளோடு வந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் என்ற முன்னாள் ஃபார்முலா 1 வண்டியையே கொண்டுவந்து ஓட்டினார். வேலிக்கு வெளியே ஆயிரக்கணக்கில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வண்டியைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை.

இந்த இடத்தில்தான் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் வருகிறார்.

அவரும் ஏழை இல்லை. லட்சுமி மில்ஸ், லட்சுமி மெஷின் வொர்க்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். நினைத்திருந்தால் வண்டி வாங்கியிருக்கலாம். கட்டினார். சொந்தமாக ஓட்ட மட்டும் இல்லை, மற்றவர்கள் ஓட்டவும் கட்டினார். 1980களின் இறுதியில் வந்த ஃபார்முலா மாருதி அவருடைய முக்கியமான படைப்பு. ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி. அதன் இதயம் மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜின். கோயம்புத்தூரில் பால் வாங்கப் போகும் காரின் என்ஜின்.

அந்த வண்டியையும் வரிவரியாகப் படிக்கலாம். ஏன் மாருதி? எந்த ஊரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் பிரிக்கத் தெரியும். ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி? பணம் வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஒரே என்ஜினோடு நின்றால் வித்தியாசம் ஓட்டுபவரின் கையில் மட்டும்தான் இருக்கும். கோயம்புத்தூரில் ஏன்? லேத், வார்ப்படப் பட்டறை, பம்புசெட், ஸ்பின்னிங் மில் என்று உலோகத்தை வெட்டத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர் அது. ஸ்லிங்ஷாட்டின் வடிவம் பிடிமானம் என்ற கேள்விக்கு வந்த விடை. ஃபார்முலா மாருதியின் வடிவம் ‘யார் ஓட்டலாம்?’ என்ற கேள்விக்கு வந்த விடை. என் பார்வையில் இரண்டாவது கேள்வி பெரியது.

விடை வேலை செய்தது. வின்ஃபீல்டு பள்ளியில் பயின்று திரும்பிய நரேன் கார்த்திகேயன் 1993இல் ஃபார்முலா மாருதியில் பந்தயம் ஓட்டினார். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1இல் நுழைந்த முதல் இந்தியரானார். அதே வருடம் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். பெரும்பாலான அணிகள் டயர் பிரச்சினையில் விலகி, ஆறே வண்டிகள் ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதி வழியாக வந்தவர்தான். 2010இல் ஃபார்முலா 1. பால் வாங்கப் போகும் காரின் என்ஜினிலிருந்து அங்கே வரை ஒரு படிக்கட்டு. அதைக் கட்டியவர் 1995இல், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த ஓடுதளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயர்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம். ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக்கூட நாம் கரிவரதனைப் பற்றிப் பேசுவதில்லை. இலக்கிய வாசகர்களுக்கு அவர் ஓட்டப்பந்தய ஆள். பந்தய ரசிகர்களுக்கு ஒரு மைதானத்தின் பெயர். ஒரு பொருளைச் செய்தவனைக் கலைஞனாகப் பார்க்கும் பழக்கம் நம் விமரிசனத்தில் மெலிந்துவிட்டது. தேர் செய்த ஆசாரியின் பெயரைக் கேட்காமல் தேரை இழுக்கிற ஊர் இது. அமெரிக்கர்களின் பழமை ஏக்கத்தைக் கிண்டல் செய்யலாம்தான். ஆனால் புளோரிடாவின் ஒகாலாவில் கார்லிட்ஸின் அருங்காட்சியகத்தில் அவருடைய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சிறுவன் 13ஐயும் 14ஐயும் பார்த்துவிட்டு, “ஏன் இதுல ஆள் பின்னாடி, அதுல முன்னாடி?” என்று அப்பாவைக் கேட்க வாய்ப்பிருக்கிறது. அந்தக் கேள்வி எழுவதற்குப் பொருள் கண்முன் இருக்க வேண்டும்.

*

நம்மிடம் பழமை ஏக்கமே இல்லை என்று சொன்னால் நண்பர்கள் அடிப்பார்கள். இருக்கிறது. அதன் பெயர் யமஹா ஆர்எக்ஸ் 100.

1985இலிருந்து 1996 வரை விற்ற, 98 சிசி டூ ஸ்ட்ரோக் பைக். 11 குதிரைச் சக்தி. இன்றைய 150 சிசி வண்டிகளோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. ஆனால் எடை நூறு கிலோவை ஒட்டி. கைப்பிடியைத் திருகினால் அது பாய்வதில் ஒரு மரியாதைக்குறைவு இருக்கும், அதுதான் போதை. உற்பத்தி நின்று 25 வருடத்துக்கு மேலாகியும், அது நின்ற பிறகு பிறந்த பையன்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். போர்ட்டை அரைத்துப் பெரிதாக்கி, எக்ஸ்பான்ஷன் சைலன்சர் மாட்டி, சீட்டையும் மட்கார்டையும் கழற்றி எடையைக் குறைத்து, டிராக் வண்டியாக்குகிறார்கள். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு அண்ணன் போர்ட் அரைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அளவுகோலை எடுக்கவில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். “எவ்ளோ எடுக்கணும்னு எப்டிண்ணே தெரியும்?” என்றேன். “ரெண்டு சிலிண்டர வீணாக்குனா தெரிஞ்சுரும் தம்பி” என்றார். மேலே நான் சொன்ன அறிவு அவரிடம் இருக்கிறது. அவருடைய ஆர்எக்ஸ் எந்த விதத்திலும் துரு தடவிய தகடு இல்லை. நம்ம ஊர் விண்டேஜ் டிராக் வண்டி அதுதான். அதைக் கட்டுபவர் அவர்தான்.

பிரச்சினை வண்டியில் இல்லை, அது ஓடும் இடத்தில். மத்திய கைலாஷிலிருந்து ஆறு வழிச்சாலையாக வரும் பழைய மாமல்லபுரம் சாலை சிறுசேரிக்கு வந்து முடிகிறது. ஷிஃப்ட் முடிந்து இரவு ஒரு மணிக்கு கேபில் வரும்போது அந்தச் சத்தம் கேட்கும். முதலில் தேனீ மாதிரி, பிறகு தகடு கிழிவது மாதிரி, பிறகு வண்டி நம்மைத் தாண்டிப் போயிருக்கும். கேப் ஓட்டும் அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “யார் பெத்த புள்ளையோ.” ஈசிஆரிலும் இதே கதை. போலீஸ் வண்டிகளைப் பறிமுதல் செய்கிறது, பெற்றோரை வரவழைக்கிறது, அடுத்த சனிக்கிழமை வேறு வண்டி.

ஸ்லிங்ஷாட்டின் விலையை அதை ஓட்டியவர் கொடுத்தார், ஒத்துக்கொண்டு கொடுத்தார். அவருக்கு எதிரே வேலி இருந்தது, பக்கத்தில் தீயணைப்பு வண்டி இருந்தது. ஓஎம்ஆரில் அந்த விலையில் ஒரு பங்கை, இரவுக்கடை மூடிவிட்டுச் சைக்கிளில் சாலையைக் கடக்கிறவரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவரை யாரும் கேட்கவில்லை. அழகியல் பேசும்போது இதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பேச முடியாது. வடிவத்தின் அழகு அதன் விலையில் இருக்கிறது என்று மேலே எழுதினேன். அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்பதும் அப்போது அழகியல் கேள்விதான்.

பையன்களைத் திட்டி இந்தக் கட்டுரையை முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு மனசு வரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த ஓடுதளம் இருக்கிறது. பைக்குகளுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 ஓட்டினார்கள், நகரமே பார்த்தது. ஆனால் நாவலூரில் டெலிவரி வேலை பார்க்கும், ஒரு ஆர்எக்ஸ் மட்டும் வைத்திருக்கும் பையனுக்கு, ஒரு சனிக்கிழமை இரவு கைக்கு எட்டும் காசில் 402 மீட்டர் நேர்ப்பாதை எங்கே? வாலி பார்க்ஸ் 1951இல் கேட்டதும் கரிவரதன் மாருதி என்ஜினைக் கையில் எடுத்தபோது கேட்டதும் ஒரே கேள்வி. நாம் ஓடுதளம் கட்டினோம், அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்கவில்லை.

*

கார்லிட்ஸிடம் ஒரு கடைசிச் செய்தி இருக்கிறது. 2014இல், 82 வயதில், அவர் இன்னொரு டிராக்ஸ்டரில் ஏறினார். ஸ்வாம்ப் ராட் 37. பேட்டரி வண்டி. மணிக்கு 184 மைல், நம்ம கணக்கில் 296 கிலோமீட்டர். நைட்ரோ இல்லை, தீ இல்லை, கொக்கரிப்பு இல்லை. உலகமெங்கும் ரசிகர்கள் அவருடைய பழைய வண்டிகளைப் போலச் செய்துகொண்டிருக்க, அவர் மட்டும் அவற்றைப் போலச் செய்யவில்லை. அவர்கள் அவருடைய விடையை நகலெடுத்தார்கள். அவர் தன் கேள்வியை வைத்துக்கொண்டார்: இப்போது கையில் இருக்கும் பொருளை வைத்து இந்தத் தூரத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கலாம்?

பழைய வடிவத்தைத் திரும்பச் செய்பவர்களை இந்த ஒரு காரணத்துக்காக நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கார்லிட்ஸின் விடைகளைக் கைப்பட அறிந்தவர்கள் உலகில் மிஞ்சியிருப்பது அவர்களால்தான். கேள்வி, விடை இரண்டும் பத்திரமாக இருக்க வேண்டும். கல்லில் மரத்தைச் செதுக்கியவனும் வேண்டும், மரமே இல்லாமல் கட்டுகிறேன் பார் என்றவனும் வேண்டும். மாமல்லபுரத்தில் இருவரும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம்.

கோயம்புத்தூரில் யாராவது நாளைக்கு ‘கரிவரதன் ஸ்டைல்’ என்று ஒரு வண்டி கட்டினால், அது ஃபார்முலா மாருதியின் மூக்கையும் இறக்கையையும் நகலெடுத்திருக்கிறதா என்று நான் பார்க்கப் போவதில்லை. எந்த என்ஜின் என்று பார்ப்பேன். இன்று தெருவில் மலிவாகக் கிடைப்பது எதுவோ, அது ஒரு மின்சார ஸ்கூட்டரின் மோட்டாராக இருந்தாலும் சரி, அதை எடுத்திருக்கிறாரா? அப்புறம் விலை கேட்பேன். நாவலூர்ப் பையன் தன் ஆர்எக்ஸை விற்றால் அதில் ஒரு சீசன் ஓட்ட முடியுமா? முடியும் என்றால், தோற்றத்தில் பழைய வண்டியின் சாயல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது கரிவரதன் செய்த வண்டிதான்.